எந்த வண்டி மோதியது?

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுச் சீமைக்குள் செல்லும் சாலைகளுள் ஒன்றில், இரு மாநில எல்லையை ஒட்டிக் கோபாலபுரம் உள்ளது. பால் கேன்களைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் செல்லும் ஒருவர் அங்கே அடிபட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவரை மேற்கே சித்தூருக்கோ கிழக்கே பொள்ளாச்சிக்கோ எடுத்துச் செல்லக்கூடும். எங்குச் சென்றாலும், உடன் வந்தோர் கூறுவது ஒன்றே: "வண்டி மோதிவிட்டது." சீட்டில் 'சாலை விபத்து, தலைக்காயம்' என்று எழுதப்படும். சிகிச்சைக்கு இது போதும். ஆனால் விபத்தைப் பற்றிய அறிவு அத்துடன் மறைந்துபோகிறது.

உலக சுகாதாரப் பேரவை 1990-இல் ஏற்றுக்கொண்ட, நோய்களின் அனைத்துலக வகைப்பாட்டின் பத்தாம் திருத்தம், காயத்துக்கு இருவகைக் குறியீடுகளை வைத்துள்ளது. ஒன்று காயத்தின் இயல்பைக் கூறும். மண்டைக்குள் ஏற்பட்ட காயம் எஸ் 06 ஆகும். மற்றொன்று அது நேர்ந்த விதத்தைக் கூறும். சைக்கிளில் செல்வோருக்கு வி 10 முதல் வி 19 வரை ஒதுக்கப்பட்டுள்ளன. மாடு குறுக்கிட்டால் வி 10; மோட்டார் சைக்கிளோ ஆட்டோவோ மோதினால் வி 12; கார் எனில் வி 13; லாரி அல்லது பஸ் எனில் வி 14; மாட்டுவண்டி எனில் வி 16. எதுவும் மோதாமல் தானே சரிந்து விழுந்தால் வி 18. இவற்றுள் பலவற்றுக்கு நம் பேச்சில் ஒரே பெயர், வண்டி! (சைக்கிளையும் வண்டி என்போர் உண்டு, அப்போது அடிபட்டவர் எதில் சென்றார் என்பதே ஐயமாகிவிடும்.) 'சைக்கிள்' என்று மட்டும் எழுதியிருப்பின் வி 19, அதுவும் இல்லையேல் வி 89 என, விவரமற்ற தொகுதியிலேயே அவர் சேர்க்கப்படுவார்.

இக்குறையைக் குறியீடு இடுவோர்மேல் சுமத்துவது நியாயமன்று. சீட்டில் இல்லாததை அவர் ஊகித்து எழுதலாகாது. முதலில் கேட்டு எழுதுபவரிடமே பொறுப்பு உள்ளது என்பது என் கருத்து. நெருக்கடி மிகுந்த ஆஸ்பத்திரியில் இதற்கு நேரமேது என்பர். ஒரு வரி எழுத அரை நிமிடம் ஆகாது.

2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டதாகப் போக்குவரத்து அமைச்சகம் அறிவித்தது. அது போலீசார் பதிவிலிருந்து திரட்டிய கணக்கு. போலீசுக்குச் செல்லாத விபத்தில் கை முறிந்தவரை ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றே அறியும். ஒரு வளைவில் லாரிகளால் அடிபடுவோர் மிகுதியா, இருசக்கர மோட்டார் வண்டிகளால் அடிபடுவோர் மிகுதியா என்பது தெரிந்தாலன்றி, அங்கே வேகத்தடை வேண்டுமா, சைக்கிளுக்குத் தனிப்பாதை வேண்டுமா என்று எவ்வாறு முடிவு செய்வது? மரணத்திலும் இவ்வாறே. தலைக்காயத்தை மட்டும் எழுதிய சான்றிதழ் பயன்படாது. காயத்தை விளைவித்த விபத்தே மூலகாரணமாகக் கொள்ளப்படும்.

கிராம சுகாதார ஊழியர் மறுநாள் வீட்டுக்குச் செல்கையில் விடுபட்டதைக் கேட்டறியலாம். கட்டுப் போட்ட கையுடன் வரும் மாணவனிடம் ஆசிரியரும் கேட்கலாம். ஓட்டிச் சென்றானா, பின்னால் அமர்ந்திருந்தானா? இவ்விரண்டையும் நான்காம் இலக்கம் பிரித்துக் காட்டுகிறது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தான் எனில் அவன் பாதசாரியே. லாரி மோதியிருப்பின் குறியீடு வி 14 அன்று, வி 04.