அம்மாவின் மறதியை டொச்சில் மட்டும் அளக்கலாமா?

ஜேர்மனியில் ஏறக்குறைய 18 லட்சம் பேர் டிமென்ஷியா எனப்படும் மறதிநோயுடன் வாழ்கிறார்கள். அதற்கு முதல் காரணம் அல்சைமர். நோய்க்குப் பெயர் தந்தவரும் இந்த நாட்டு டொக்டர்தான். 1901இல் பிராங்க்பேர்ட் மருத்துவமனைக்கு வந்த ஒகுஸ்ட டேற்றர் என்ற 51 வயதுப் பெண்ணிடம் அலொய்ஸ் அல்சைமர் கேள்விகள் கேட்டு, பதில்களை ஒவ்வொன்றாகக் குறித்து வைத்தார். இருவருக்கும் தாய்மொழி ஒன்றே. எங்கள் அம்மா அப்பாவுக்கு அந்த வசதி இல்லை. நான் வாழும் ஹனோவரில், எண்பதுகளில் அகதிகளாக வந்து இறங்கிய தலைமுறை இப்போது முதுமையைத் தொட்டுவிட்டது.

இந்த நோய் மூளையில் எப்படித் தொடங்குகிறது? எங்கள் நகரின் கிறோப்கே நிலையத்தை நினைத்துப் பாருங்கள். பல டிராம் வழித்தடங்கள் சந்திக்கும் இடம். தண்டவாளம் அப்படியே இருக்கும்போதே அங்கே வண்டிகள் குறைந்தால் நகரமே தடுமாறும். மூளையிலும் அப்படி ஒரு சந்தி உண்டு. அதற்கும், புதிய நினைவுகளைப் பதியும் ஹிப்போகேம்பஸ் பகுதிக்கும் இடையிலான தொடர்பு அல்சைமரின் ஆரம்பத்திலேயே தளர்வதை ஸ்கான் ஆய்வுகள் காட்டியுள்ளன. அதே காலத்தில் வேறு சில பகுதிகள் வழமையைவிடக் கூடுதலாகச் சேர்ந்து இயங்குவதும் உண்டு. மூளை ஈடுகட்டப் பார்க்கிறது என்று அதற்கு ஒரு விளக்கம் சொல்கிறார்கள்.

வீட்டில் நாங்கள் ஏமாறுவதும் இங்கேதான். 83 கலவரத்தை நாள், நேரத்தோடு சொல்லும் அப்பாவுக்கு மறதி என்று யார் நம்புவார்? "வயசு போனா உப்பிடித்தான்" என்று விட்டுவிடுகிறோம். பழைய நினைவு கடைசிவரை நிற்கக்கூடும். கவனிக்க வேண்டியது புதியதை: நேற்று வந்த கடிதம், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, பழகிய காசுக் கணக்கில் குழம்புவது.

இணைப்புகளைப் பார்க்கும் அந்த ஸ்கான் இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்குரியது. டொக்டரின் முதல் கருவி கேள்வி-பதில்தான். வார்த்தைகளை நினைவில் வைக்கச் சொல்வார், மிருகங்களின் பெயர் கேட்பார், மணிக்கூடு வரையச் சொல்வார். முப்பது வருசம் சமையலறையிலும் துப்புரவு வேலையிலும் கழித்த அம்மா அதை டொச்சில் செய்தால், குறைவது நினைவாற்றலா மொழியா என்று எப்படிப் பிரிப்பது? பக்கத்தில் இருந்து மொழிபெயர்க்கும் மகள், பாசத்தில் பதிலையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறாள். இரண்டு வழியிலும் முடிவு பிழைக்கும்.

பிள்ளைகளிடம் நான் கேட்பது இதுதான். ஹவுஸ் ஆர்ட்ஸ்டிடம் நேரத்தோடு போங்கள். பி12 குறைபாடு, தைரோயிட், மனச்சோர்வு போன்ற சரிசெய்யக்கூடிய காரணங்களாலும் மறதி வரும். அதை முதலில் பார்க்கட்டும். பிறகு நினைவாற்றல் கிளினிக்குக்கு ஊபர்வைசுங் கேளுங்கள். மொக்கா எனும் சோதனைக்குத் தமிழ் வடிவம் உண்டு என்று சொல்லுங்கள். குடும்பத்தைச் சாராத மொழிபெயர்ப்பாளரைத் தேடுங்கள். லெகானெமாப் மருந்துக்கு 2025 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி தந்தது. அது நோயைக் குணமாக்காது, ஓரளவு மெதுவாக்கும். எல்லோருக்கும் பொருந்தாது, பக்கவிளைவும் உண்டு. ஆனால் அது ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமே. பிந்தினால் அந்தக் கதவு பூட்டிவிடும்.

அரசிடமும் கேட்க வேண்டியது உண்டு. மருத்துவ மொழிபெயர்ப்புச் செலவை கிராங்கன்காசே ஏற்கும் என்று 2021 கூட்டணி ஒப்பந்தத்தில் எழுதினார்கள். அந்த ஆட்சி முடியும்வரை அது சட்டமாகவில்லை. இத்தனை வருசம் காப்புறுதிப் பணம் கட்டிய மனிதர்கள், தங்களுக்கு விளங்கும் மொழியில் ஒரு சோதனை கேட்பது சலுகை அல்ல. எங்கள் சங்கங்களும் கோயில்களும் விழா மேடைகளில் இதையும் பேசட்டும்.