ஆபரேசன் முடிஞ்சும் கால் மரத்தே கிடக்குதா? சும்மா இருந்துடாதீங்க!

போடி:
விடியறதுக்கு முன்னாடியே ஜீப் ஏறி, போடிமெட்டு வழியா பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் ஏலக்காய் எடுக்கப் போற பெண்கள் போடியில் ஏராளம். கை, கால் ஓடினால்தான் கூலி. அதனால் ஆபரேசன் என்றதுமே, "முதுகுல ஊசி போட்டா கால் விளங்காம போயிடுமா?" என்ற பயம்தான் முதலில் வருகிறது.

பயம் முழுக்க பொய் இல்லை. இங்கிலாந்தின் செஸ்டர்பீல்டில் 1947-ம் ஆண்டு ஒரே நாளில் முதுகில் ஊசி போட்ட 2 பேருக்கு இடுப்புக்கு கீழே செயலிழந்து போனது. ஆனால் இன்று அப்படி நடப்பது மிக மிக அபூர்வம்.

எது சாதாரணம்? எது ஆபத்து?

முதுகு ஊசி மரப்பு பொதுவாக சில மணி நேரத்தில் விட்டுவிடும். அதற்கு பிறகும் ஒரு பாதம் மட்டும் தொங்கினாலோ, சுண்டு விரல் மரத்தாலோ, ஆபரேசன் மேஜையில் படுத்த நிலையில் நரம்பு அழுந்தியிருக்கலாம். டாக்டரிடம் காட்ட வேண்டும். பெரும்பாலும் சில வாரத்தில், சில மாதத்தில் சரியாகிவிடும்.

விட்ட மரப்பு திரும்ப வருது, கால் கனம் கூடிட்டே போகுது, முதுகில் கடும் வலி, ஒண்ணுக்கு போக முடியலை... இதெல்லாம் ஆபத்து. தண்டுவடம் பக்கத்தில் ரத்தம் கட்டி நரம்பை நெரிக்கலாம். உடனே ஸ்கேன் எடுத்து, சுமார் 8 மணி நேரத்துக்குள் அதை அகற்றினால் கால் பிழைக்க வாய்ப்பு அதிகம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை ஊசி போடும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

சென்னையில் நடந்தது

2022 நவம்பரில் சென்னை பெரியார் நகர் அரசு ஆஸ்பத்திரியில் மூட்டு ஆபரேசன் செய்த கால்பந்து வீராங்கனைக்கு, இறுக்கிப் போட்ட கட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டது. காலையே எடுத்தார்கள். உயிரும் போய்விட்டது. 2 டாக்டர்கள் சஸ்பெண்டு செய்யப்பட்டனர். அங்கே கெடுத்தது மயக்க ஊசி இல்லை. ஆனால் பாடம் ஒன்றுதான்: நேரம் போனால் கால் போகும்.

தலைநகரிலேயே இந்த கதி என்றால், மலைச்சரிவில்? குரங்கணி பக்கம் ராத்திரி கால் மரத்தால், போடிக்கு இறங்கி, தேனியையும் தாண்டி க.விலக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு போய் சேரணும். அதனால் வார்டில் இருக்கும்போதே எழுந்து நடந்து பாருங்க. மரப்பு இருந்தா நர்சிடம் சொல்லுங்க. டிஸ்சார்ஜ் சீட்டு வாங்காமல் கிளம்பாதீங்க. வீட்டுக்கு வந்த பிறகு என்றால் காலை ஜீப்புக்கு காத்திருக்காமல் 108-க்கு போன் போடுங்க.

ஏழை நோயாளி வாய் திறக்க கூச்சப்படுவார். ஆஸ்பத்திரிதான் "கால் அசையுதாம்மா?" என்று மணிக்கு ஒருமுறை கேட்கணும். அந்த ஒரு கேள்விக்கு செலவே இல்லை.