நுளம்புச்சுருளும் பிள்ளைகளின் மூச்சும்

மஃரிபுக்கு பாங்கு சொன்னதும் ஜன்னல்களைச் சாத்திவிட்டு நுளம்புச்சுருளைக் கொளுத்துகிறோம். பிள்ளைகளைக் காப்பாற்றத்தான். ஆனால் ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்கிறது 2003இல் வெளியான ஓர் ஆய்வு.

சிகரெட் பற்றவைக்கும் விருந்தாளியை முற்றத்துக்கு அனுப்பும் நாம், சுருளை மட்டும் பிள்ளையின் கட்டிலுக்குக் கீழே வைக்கிறோம். டெங்கு நுளம்பு கடிப்பதோ பெரும்பாலும் பகலில். அதற்கு இந்த இரவுப் புகை எதற்கு?

இழுப்போடு வகுப்புக்கு வரும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறோம். புகை அவர்களுக்கு இன்னும் கேடு.

பெரிய செலவில்லை. இரவில் நுளம்பு வலை கட்டுவோம். சிரட்டையிலும் பீலியிலும் பூச்சட்டித் தட்டிலும் தேங்கும் தண்ணீரைக் கிழமைக்கு ஒருமுறை கொட்டுவோம். ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்துத் திறந்து வைப்போம். சுருளை இன்றிரவே நிறுத்துவோம்.