ராத்திரி பத்து மணிக்கு மேல வீதி

தஞ்சாவூரில் யாரிடமாவது வழி கேட்டிருக்கிறீர்களா? ஜாக்கிரதை. நேராகப் போய் இடது பக்கம் திரும்பு என்றெல்லாம் சொல்ல மாட்டார்கள். "முன்னாடி ஒரு சைக்கிள் கடை இருந்துச்சில்ல? அதுக்கு எதுத்தாப்புல ஒரு கேசட் கடை இருந்துச்சு பாருங்க... அதை ஒட்டுன சந்துல மூணாவது வீடு" என்பார்கள். சைக்கிள் கடை போய்ப் பதினைந்து வருஷம் ஆச்சு. கேசட் கடை போய் இருபது. சந்து மட்டும்தான் பாக்கி, அதையும் இரண்டு பைக் அடைத்துக்கொண்டு நிற்கும். வெளியூர்க்காரர் பாவம், இல்லாத கடைக்கு எதிரே இருந்த இல்லாத கடையைத் தேடிக்கொண்டு வெயிலில் நிற்பார்.

கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைக்காதீர்கள். நானும் அப்படித்தான் வழி சொல்கிறேன். மேல வீதியில் ஒரே ஒரு கதவை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா காலத்தில் அது தையல் கடை. நான் அரை டிராயர் போட்டுக்கொண்டு திரிந்த தொண்ணூறுகளில் எஸ்.டி.டி. பூத், ராத்திரி நேரமானால் சார்ஜ் குறைவு என்று துபாய்க்கும் டெல்லிக்கும் பேச வரிசை நிற்கும். பிறகு பிரவுசிங் சென்டர். பிறகு ஜெராக்ஸ். பிறகு ரீசார்ஜ். 2016-ல் ஜியோ வந்ததும் அதுவும் படுத்துவிட்டது. இப்போது செல்போன் கவரும் டெம்பர்டு கிளாஸும் தொங்குகின்றன. இத்தனை மாற்றத்திலும் நிலையாகச் சம்பாதித்தவர் போர்டு எழுதுகிற பெயின்டர் ஒருவர்தான். ஃப்ளெக்ஸ் வந்து அவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

கடைகள் மாறுவதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. பி.காம். படித்தவன் நான். லாபம் இல்லாத கடை மூடத்தான் வேண்டும் என்று மூன்று வருஷம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எனக்குப் புரியாதது வேறு ஒன்று. அதற்கு முன்னால் டீக்கடைக்குப் போய்விட்டு வருவோம்.

அங்கே சாயங்காலம் ஐந்தரைக்கு ரிட்டயர்டு சார் ஒருவர் வருவார். சர்க்கரை இல்லாத டீ, நிறையக் கசப்பு.

"பழைய மேல வீதி எங்க தம்பி இருக்கு? எல்லாம் வெளியூர்க்காரன் வந்து புடிச்சுக்கிட்டான். ராஜஸ்தான்காரன், பீகார்க்காரன், கேரளாக்காரன்... தஞ்சாவூர்க்காரன் ஒருத்தனைக் காட்டு பார்ப்போம்!"

"சாருக்குப் பூர்வீகம்?"

"கும்பகோணம் பக்கம்."

சற்று நேரம் டீயை ஆற்றினார்.

"அது வேற, தம்பி."

அது வேறதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கணக்கில் பார்த்தால் இந்த வீதியில் வேறு இல்லாதவர் யார்? அரண்மனையைச் சுற்றிய நாலு ராஜ வீதிகளில் ஒன்று இது. நாயக்க ராஜாக்கள் தெலுங்கு பேசினார்கள். 1673-ல் விஜயராகவ நாயக்கர் போரில் மாண்டார். மூன்று வருஷத்துக்குள் சிவாஜியின் தம்பி முறையான ஏகோஜி, பெங்களூர்ப் பக்கத்திலிருந்து படையோடு வந்து உட்கார்ந்துகொண்டார். அந்தத் திசையிலிருந்து நாம் கேட்காமலே வந்து சேர்ந்தது அவர் ஒருவர்தான்! அவர் வம்சம் 1855 வரை மராத்தி பேசிக்கொண்டு இங்கே இருந்தது.

மனுஷர்களை விடுங்கள். மேல வீதியில் கோயில் கொண்டிருக்கும் பங்காரு காமாட்சி அம்மனே காஞ்சிபுரத்திலிருந்து வந்தவள். உடையார்பாளையம், திருவாரூர் என்று தங்கித் தங்கி வந்து கடைசியில் இங்கே குடியேறினாள். அம்மனுக்குப் பூஜை செய்த குடும்பமும் கூடவே வந்தது. அந்தக் குடும்பத்தில் திருவாரூரில் பிறந்து இந்த வீதிக்கு வந்தவர்தான் சியாமா சாஸ்திரிகள் (1762-1827). சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவருக்கு இதுதான் வீட்டு விலாசம்.

அதே வீதியில்தான் தஞ்சை நால்வரின் வீடும். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. இன்றைக்கு டொரண்டோவில் அரங்கேற்றம் நடந்தாலும் அலாரிப்பில் ஆரம்பித்துத் தில்லானாவில் முடிக்கிறார்களே, அந்த வரிசையை ஒழுங்குபடுத்தித் தந்தவர்கள் இந்த அண்ணன் தம்பிகள். அவர்களிலும் சின்னையா மைசூர் அரண்மனைக்குப் போனார்; வடிவேலு திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாளிடம் போனார். இருவர் ஊரில், இருவர் வெளியூரில்! நம் வீடுகளில் ஒருத்தன் பெங்களூர், ஒருத்தன் நியூ ஜெர்சி என்று இருக்கிறதே, அதை இருநூறு வருஷத்துக்கு முன்னாலேயே மேல வீதி ஆரம்பித்துவிட்டது.

பட்டு நெய்யச் சௌராஷ்டிரர்கள் வந்தார்கள். அடகுக் கடை சேட்டு வந்தார். பெயரிலேயே பம்பாயை வைத்துக்கொண்டு 1949-ல் இந்த ஊரில் ஆரம்பித்த ஸ்வீட் கடையின் சந்திரகலாவைத்தான் இப்போது "தஞ்சாவூர் ஸ்பெஷல்" என்று டஜன் கணக்கில் சென்னைக்கு வாங்கிப் போகிறோம். ஆக, வெளியூர்க்காரன் வந்ததால் வீதி கெட்டது என்கிற வாதம் எடுபடாது. வந்தவர்களெல்லாம் சேர்ந்ததுதான் வீதி.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது சார். முன்னால் வந்தவர்கள் எல்லோரும் இங்கே தூங்கினார்கள்.

எனக்குப் புரியாதது என்றேனே, அது இதுதான். மேல வீதியில் ஒரு பழைய வீடு எப்படிக் கடையாகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? ஒரே நாளில் ஆகாது. குறுகலான முகப்பு, உள்ளே ரயில் பெட்டி மாதிரி நீளம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுப்படி, கொல்லை என்று போய்க்கொண்டே இருக்கும். முதலில் திண்ணையைத் தையல் மெஷின் போட வாடகைக்கு விடுவார்கள். "சும்மா கெடக்குற எடம்தானே." அதோடு வீதியில் உட்கார்ந்து பேசுவது நின்றது. அடுத்து மகளுக்குக் கல்யாணம், ரேழி போகும். பையனுக்கு இன்ஜினீயரிங் சீட், கூடம் போகும். முற்றத்துக்கு மேல் ஷீட் போட்டுக் குடோன் ஆக்குவார்கள். குடும்பம் மாடிக்கு ஏறும். மாடிப்படிக்கு வழி கடைக்குள்ளே என்பதால், கடை பூட்டுகிற நேரத்துக்குள் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்துவிட வேண்டும்! கடைசியில் மெடிக்கல் காலேஜ் ரோடு தாண்டி ஒரு ஃபிளாட்டோ, சென்னையில் மகன் வீடோ. அப்புறம் ஒருநாள் புல்டோசர். நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது என்பது அக்கவுண்டன்சியில் ஆரம்பப் பாடம். கட்டடத்துக்கு உண்டு. எனவே எவரும் வீட்டை வாங்குவதில்லை, வீடு நிற்கும் தரையை வாங்குகிறார்கள்.

இதில் யாரைக் குறை சொல்ல? கல்யாணமும் காலேஜும் பொய்யா?

மேல வீதியில் ஒரு மளிகைக் கடை அண்ணாச்சி இருந்தார். திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊர். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. அவருடைய கடன் நோட்டில் மாதக் கணக்கு கிடையாது. குறுவை, சம்பா என்று இரண்டே தலைப்பு. திருவையாறு, அம்மாப்பேட்டை, ஒரத்தநாடு என்று சுற்றுவட்டாரத்திலிருந்து கல்யாணத்துக்குச் சாமான் வாங்க வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். பணம்? தீபாவளியை ஒட்டிக் குறுவை அறுத்தால் கொஞ்சம், தை மாசியில் சம்பா அறுத்தால் மீதி. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறந்தால் அண்ணாச்சி முகமும் திறக்கும்.

2012-லிருந்து 2019 வரை எட்டு வருஷம் அந்தத் தேதியில் மேட்டூர் திறக்கவில்லை. 2020-ல்தான் மறுபடி ஜூன் 12-ல் தண்ணீர் விட்டார்கள். அதற்குள் அண்ணாச்சியின் நோட்டில் "குறுவை" பக்கமெல்லாம் அப்படியே நின்றுவிட்டது. 2016 நவம்பரில் பழைய நோட்டு செல்லாது என்றார்கள், 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. கடையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வாங்கினவர் 'குட்வில்' என்று தனியாக ஒரு தொகை தந்தாராம். அந்தக் குட்வில்லில் அவர் கடன் சொன்ன ஊர்க்காரர்கள் சேர்த்தியா என்று எனக்கு இன்றுவரை ஒரு சந்தேகம்.

இப்போது அந்த இடத்தில் மாதத் தவணைக்கு டி.வி., ஃபிரிட்ஜ் தருகிறார்கள். அண்ணாச்சி கேட்டது, "நீ யாரு மகன்?" இவர்கள் கேட்பது, "சிபில் ஸ்கோர் எவ்வளவு?" பழையது எல்லாம் உசத்தி என்று சொல்ல வரவில்லை. யாரு மகன் என்ற கேள்வியிலேயே கடன் கிடைக்காமல் திரும்பியவர்களும் உண்டு, எந்தத் தெரு, என்ன ஆட்கள் என்று அதற்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கும். சிபிலுக்கு அந்த வம்பு இல்லை. ஆனால் அந்த மேனேஜர் ஒன்பதரைக்கு ஷட்டரை இழுத்துவிட்டுப் பைக்கில் வல்லத்துக்குப் போய்விடுகிறார். அண்ணாச்சி கதவை நள்ளிரவிலும் தட்டலாம், பிள்ளைக்கு வயிற்றுவலி என்று ஓமம் கேட்டு.

2015 ஏப்ரல் 29-ஆம் தேதி பெரிய கோயில் தேர் ஓடியது. சுமார் நூறு வருஷத்துக்குப் பிறகு, புதுத் தேர், நாலு ராஜ வீதியையும் சுற்றி வந்தது. அப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. மாடி மாடியாக ஜனம். ஆனால் நன்றாகக் கவனித்தேன்: மாடியில் நின்றவர்களில் பலர் அன்றைக்கு மட்டும் கடைக்காரரிடம் சொல்லிவைத்து மேலே ஏறினவர்கள். தேர் நிலைக்குப் போனதும் இறங்கி, வண்டியை எடுத்துக்கொண்டு அவரவர் நகருக்குப் போய்விட்டார்கள். வைகாசியில் இருபத்துநாலு பெருமாளும் கருடன் மேல் வரிசையாக வருவார்களே, அப்போதும் இதே கதைதான். பெருமாள் வருகிறார், வாசலில் ஷட்டர் நிற்கிறது.

போன வருஷம் ஒரு ராத்திரி. மேல வீதியில் இன்னும் மாடியில் குடியிருக்கிற ஓரிரு குடும்பங்களில் ஒன்று டீச்சரம்மா குடும்பம். குடும்பம் என்றால் அவரும் அவர் கணவரும்; பிள்ளைகள் வெளிநாட்டில். மணி பத்தரை. சாருக்கு நெஞ்சு வலி. டீச்சரம்மா ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினார்.

"லேண்ட்மார்க் சொல்லுங்கம்மா."

"மளிகைக் கடைக்கு எதிர் வீடுப்பா."

பதற்றத்தில் பழைய அடையாளம்தான் வாயில் வந்திருக்கிறது. டிரைவர் வெளியூர்ப் பையன், அவனுக்கு என்ன தெரியும்? வீதி முழுக்கத் தேடுகிறான். இரண்டு பக்கமும் ஷட்டர். கேட்க ஒரு ஆள் இல்லை. பகலில் ஆயிரம் பேர் நடக்கிற வீதியில் ஒரு நாய்தான் எழுந்து பார்த்ததாம்.

யார் ஓடி வந்தது தெரியுமா? செல்போன் கவர் கடைக்குப் பின்னால் ஒற்றை ரூமில் தங்கியிருக்கிற பையன்கள். மூன்று பேர், ராஜஸ்தான். ராத்திரி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தவர்கள் சைரன் சத்தம் கேட்டு வெளியே வந்திருக்கிறார்கள். ஒருவன் ஆம்புலன்ஸுக்கு வழி காட்ட, இரண்டு பேர் சாரை நாற்காலியோடு மாடியிலிருந்து இறக்கினார்கள். அந்த மாடிப்படியை நான் பார்த்திருக்கிறேன். பகலிலேயே பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும்.

சார் இப்போது நன்றாக இருக்கிறார். சாம்பாரில் உப்பு போதவில்லை என்பது ஒன்றுதான் குறை. மராத்தியர் அரண்மனை அடுப்பில் பிறந்தது சாம்பார் என்று இந்த ஊரில் ஒரு கதை உண்டு; அந்த ஊரிலேயே உப்பில்லாத சாம்பாரா என்று புலம்புகிறார்.

டீக்கடையில் கசப்பு சாரிடம் இதைச் சொன்னேன். நிறைய நேரம் பேசாமல் இருந்தார். "ரொட்டி நல்லா சுடுவானுங்களா?" என்றார். அவர் மட்டில் அது பெரிய மாற்றம்.

நேற்று டீச்சரம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். பையன்கள் தங்கியிருக்கும் ரூமைக் கட்டடக்காரர் குடோனுக்குக் கேட்கிறாராம். சாமான் அடுக்கினால் வாடகை இரண்டு மடங்கு. அட்டைப்பெட்டிக்குத் தண்ணீரும் வேண்டாம், கக்கூஸும் வேண்டாம். அடுத்த மாசம் அவர்கள் புதிய பஸ் ஸ்டாண்டு பக்கம் போகிறார்கள். கட்டடக்காரர் மேல் கோபப்படவும் முடியவில்லை. அவருக்கும் ஒரு மகள் இருக்கிறாள்.

"உங்க ஆபீஸ்கார சிநேகிதங்கள்ல யாராவது குடிவர்றாங்களாப்பா? எங்க வீட்டுலயே பின்பக்கம் ஒரு ரூம் சும்மாதான் இருக்கு" என்றார் டீச்சரம்மா.

எனக்குத் தெரிந்த ஆபீஸ்காரர்கள் எல்லோரும் இந்தப் பத்திரிகையைத்தான் படிக்கிறார்கள். ஆகவே: மேல வீதியில் ஒரு ரூம், தனி பாத்ரூம், கொல்லையில் கிணறு, காலையில் கோயில் மணிச் சத்தம் இலவசம். பைக்கைச் சந்தில் விடலாம், மூன்றாவது பைக்காக. வாடகை பேசிக்கொள்ளலாம். நிபந்தனை ஒன்றே ஒன்று: சனி ஞாயிறு உட்பட ராத்திரி இங்கேதான் தூங்க வேண்டும்.