விரதம் இருங்க... மாத்திரையையும் கவனிங்க!

தாம்பரம் - கடற்கரை மின்சார ரயிலில் இப்போது ஏகாதசி, சஷ்டியோடு '16:8' விரதமும் பேச்சில் அடிபடுகிறது. இரவு 7 மணிக்குச் சாப்பாட்டை முடித்தால், மறுநாள் காலை 11 மணிக்குத்தான் அடுத்த வேளை. இடையில் தண்ணீர், சர்க்கரை போடாத கடுங்காப்பி மட்டும்.

பட்டினியின்போது செல்கள் தங்கள் கழிவுகளைத் தாங்களே செரித்துப் புதுப்பித்துக்கொள்கின்றன. 'ஆட்டோஃபேஜி' எனும் இந்தச் செயலை விளக்கிய ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு 2016-ல் மருத்துவ நோபல் கிடைத்தது. ஆனால், அவர் முக்கியமாக ஆராய்ந்தது ஈஸ்ட் செல்களை. எத்தனை மணி நேரம் பட்டினி கிடந்தால் நமக்கு நோய் தீரும் என்று அந்தப் பரிசு சொல்லவில்லை.

ஸ்காட்லாந்தின் ஆங்கஸ் பார்பியரி 1965-66-ல் 382 நாள்கள் உணவின்றி இருந்தது உண்மைதான். ஆனால், வைட்டமின், பொட்டாசியம் கொடுத்து டாக்டர்கள் அவரைக் கண்காணித்தார்கள்.

நம் கவலை வீட்டிலிருக்கும் அப்பா, அம்மாவைப் பற்றியது. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையையோ இன்சுலினையோ வழக்கம்போல் எடுத்துக்கொண்டு டிபனை மட்டும் தவிர்த்தால், ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கலாம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சில் குழப்பம் தெரிந்தால், உடனே 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்; 108-ஐ அழையுங்கள்.

அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. விரதம் தொடங்கும் முன்பே மருந்துச் சீட்டோடு டாக்டரைப் பாருங்கள். கர்ப்பிணிகளுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் இந்த விரதமே வேண்டாம்.

உங்கள் வீட்டில் யார் விரதம்? இன்றைக்கே கேட்டுவிடுங்கள்: "மாத்திரை எப்போ போடுறீங்க?"