கைப்பேசியைப் பறிக்கும் முன்

பள்ளி செல்லும் பிள்ளை அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி என்கிறது, இரவில் உறங்குவதில்லை, பரிசோதனைகளிலும் குறையொன்றும் தெரியவில்லை. இத்தகைய வேளையில், அப்பிள்ளையின் வாட்ஸ்அப் குழுக்களில் நடப்பதையும் பெற்றோர் பரிவோடு கேட்டறிதல் நன்று.

இணையவழித் துன்புறுத்தல் பெண்பிள்ளைகளுக்கே நேர்வதென நம்மில் பலர் எண்ணுகிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 2024-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, அதற்கு ஆளான மாணவியர் 16 விழுக்காடு, மாணவர் 15. பிறரைத் துன்புறுத்தியதாக ஒப்புக்கொண்டோரில்தான் இடைவெளி மிகுதி: மாணவர் 14, மாணவியர் 9.

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் நம் பிள்ளைகள் மௌனம் காப்பதற்கான காரணங்களே வேறுபடுகின்றன என்பது என் கருத்து. உருவத்தையும் குரலையும் கேலி செய்தாலும், "ஆண்பிள்ளை இதற்கெல்லாம் அழலாமா?" என்ற சொல்லுக்கு அஞ்சி மகன் வாய் திறப்பதில்லை. மகளின் அச்சம் வேறு. அவளுடைய படத்தைத் திரித்துப் பரப்பியவன் எவனாயினும், வீட்டில் பறிக்கப்படுவது அவளது கைப்பேசி. சில வீடுகளில் படிப்பும்கூட. 2016-இல் சேலம் மாவட்டத்தில், முகநூலில் பரவிய திரிக்கப்பட்ட படங்களால் உயிர்துறந்த இளம்பெண் (அவர் பள்ளி வயதைக் கடந்தவர்), பெற்றோரே தன்னை நம்பவில்லை என்று எழுதி வைத்திருந்தார்.

ஆகவே முதலில் நம்புங்கள். செய்திகளை அழிக்காமல் சேமித்து வைத்து, இணையக் குற்றப் புகாருக்கு 1930, குழந்தைகள் உதவிக்கு 1098 ஆகிய எண்களை அழையுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். பிள்ளை மட்டுமன்றி, கலங்கி நிற்கும் பெற்றோரும்.