பானைக்கு உரை எழுதுவோர்

சிந்துவெளி எழுத்தைப் படித்துக் காட்டுவோருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது முதற்கொண்டு, உடைந்த பானையோட்டுக்கு நம் நாட்டில் ஒரு புதிய கௌரவம் வந்து சேர்ந்திருக்கிறது. தமிழகத்தில் 140 இடங்களில் கிடைத்த ஓடுகளின்மேல் கீறப்பட்ட குறிகளைச் சிந்துவெளிக் குறிகளோடு ஒப்பிட்டு, அவற்றுள் நூற்றுக்கு 90-க்கு மேல் இணை உடையவை என்று தொல்லியல் துறையின் ஆய்வு கூறுகிறது. தொல்லியலாளர் பி. பி. லால் 1960-லேயே ஏறத்தாழ இந்தக் கணக்குக்கு வந்துவிட்டவர். ஒப்புமை வேறு, அர்த்தம் வேறு என்பதை ஆராய்ச்சியாளர் அறிவர். இந்தக் கோடு எதைக் குறிக்கிறது, அந்தச் சுழி எந்தத் தெய்வம் என்று பதைபதைப்பவர்கள் பத்திரிகை வாசகர்களாகிய நாம்தான். இந்தப் பதைப்பு மலையேறி நீலகிரிக்கும் வந்துவிட்டால் என்ன கேடு விளையும் என்பதைப் பற்றி, ஊட்டியின் காந்தல் பகுதிவாசி என்ற உரிமையோடு சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

நீலகிரியின் முகடுகளில் கல்லை வட்டமாக அடுக்கிக் கட்டிய பழைய ஈமக்குழிகள் உண்டு. இந்த ஜில்லாவின் முதல் கமிஷனராக இருந்த ஜேம்ஸ் வில்கின்சன் ப்ரீக்ஸ், மலைமக்களின் பொருள்களைச் சேகரித்து அனுப்பும்படி கல்கத்தா அருங்காட்சியகத்தார் 1871-ல் கேட்டதை முன்னிட்டு அவற்றுள் பலவற்றைத் தோண்டினார். 1872-ல் அவர் காலமாகிவிடவே, அவர் எழுதி வைத்த நூல் மறு ஆண்டில் வெளிவந்தது. (இன்றைய ஊட்டிக்காரருக்கு ப்ரீக்ஸ் என்பது ஒரு பள்ளிக்கூடத்தின் பெயர், அவ்வளவே.) அந்தக் குழிகளிலிருந்து வெளிப்பட்ட பானைகள் சமவெளியில் எங்கும் காணாத விசித்திரமுடையவை. அடுக்கடுக்காக உயர்ந்த ஜாடிகள். மூடிகளின் உச்சியில் குமிழ் இருக்க வேண்டிய இடத்திலே, வளைந்த கொம்பும் கழுத்தில் மணியுமாய் ஓர் எருமை, அல்லது யானை, சிறுத்தை, மான், மயில், சில வேளைகளில் குதிரைமேல் அமர்ந்த ஒரு வீரன். மணி கட்டிய எருமையைக் கண்ட மாத்திரத்தில், இந்த மலையில் எருமை வளர்க்கும் தோடரை நினைப்பது சுலபம். இறந்தவரோடு எருமையையும் மறுவுலகுக்கு அனுப்புகிற சம்பிரதாயம் அவர்களுடையதாகையால், விடை கையிலேயே வந்து அமர்ந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் தோடர் மண்பாண்டம் வனைவதில்லை, குதிரையேற்றமும் அவர்கள் வழக்கமன்று. அப்படியிருக்க, இந்தச் செங்குத்தான மலைமேல் குதிரையைக் கொண்டுவந்து மூடியில் ஏற்றியவர் யார்? ஒன்றரை நூற்றாண்டாக நடந்துவரும் இந்த வாதம் இன்னும் தீரவில்லை. தீராமல் இருப்பதில் எனக்கு வருத்தமும் இல்லை.

இன்று மலையில் பானை வனைகிறவர்கள் கோத்தர். ஊட்டியை அடுத்த கொல்லிமலை, கோத்தகிரி, கீழ்க்கோத்தகிரி, சோலூர்க் கோக்கால் என்று மொத்தம் ஏழே ஊர்களில் வாழும் இந்தச் சிறு சமூகத்தில், கொல்லுவேலையும் தச்சுவேலையும் வாத்தியமும் ஆடவரைச் சேர்ந்தவை. பானை பெண்களுக்கே உரியது. சமவெளியில் சக்கரம் பெரும்பாலும் ஆணின் உடைமையாக இருக்க, இங்கே அதைச் சுற்றுவது பெண்ணின் கை என்பதைக் கவனிக்க வேண்டும். காய்ந்த மண்ணால் செய்த வட்டு, அதன் அடியில் ஓர் இரும்பு முனை, வீட்டின் முன்னுள்ள களத்திலே பதித்த கல்லில் அந்த முனை சுழல்வதற்கு ஒரு குழி: தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றித் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட நூலில் காணப்படும் சக்கரம் இதுதான். மண் எடுப்பதோ நினைத்த பொழுதில் செய்கிற காரியமன்று. அது ஊர்த் தெய்வங்களின் ஆண்டு விழாவோடும் அதற்குரிய வாத்திய இசையோடும் இணைந்தது. இவ்வளவு நியமத்தோடு பிறக்கிற பானையின்மேல் சித்திரம் ஏதேனும் உண்டோ என்று பார்த்தால், பெரும்பாலும் வெறுமையே. சின்னங்களைத் தேடி வருகிறவருக்கு அது ஏமாற்றந்தான்.

ஆனால் அந்த வெறும் பானைக்கு அர்த்தம் இல்லையென்று யார் சொன்னது? மலையில் உழவு செய்யும் படகர் தானியம் தர, தோடர் நெய் தர, கோத்தர் பானையும் இரும்புக் கருவியும் தந்து வந்த பழைய கொடுக்கல் வாங்கலிலே, ஒரு பானை எந்த வீட்டு வாசல் வரையில் செல்லலாம் என்பதற்கும் கண்டிப்பான வரையறை இருந்தது. 1906-ல் தோடரைப் பற்றி விரிவாக எழுதிய ரிவர்ஸ், மிகவும் புனிதமான பால்மனைகளின் உள்ளறைக்கு வேண்டிய பாண்டங்கள் கோத்தரிடமிருந்து பெறப்படுவதில்லை என்றும், மற்றப் பானைகள் கோத்தர் செய்தவையே என்றும் குறித்திருக்கிறார். மண் ஒன்றாயிருக்கலாம், வடிவமும் ஒன்றாயிருக்கலாம். யார் வனைந்தது, யாருக்காக, எந்த அறையில் வைப்பதற்கு என்ற மூன்றிலேயே பொருள் முழுதும் அடங்கிக் கிடக்கிறது. அலுமினியம் வந்து அந்த ஒழுங்கைக் கலைத்த பிறகு, பானையின் மேல்தோலைப் பார்த்து அதைக் கண்டுகொள்ள எந்த நிபுணராலும் இயலாது.

இந்த விஷயத்தில் நமக்கு முன்னே அடிபட்டவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். நியூ மெக்ஸிகோ, அரிஸோனா பிரதேசங்களில் வாழும் பியூப்ளோ மக்களின் பானைகளில் சித்திரத்துக்குக் குறைவே இல்லை. வாயிலிருந்து இதயம் வரையில் அம்புக்கோடு ஓடும் ஸூனி மானும், வெள்ளத்தோடும் மழையோடும் சேர்த்துப் பேசப்படும் அவான்யு என்ற கொம்புப் பாம்பும், பாண்டத்தைச் சுற்றிவரும் கோட்டை முழுதும் மூடாமல் வேண்டுமென்றே விடுகிற சிறு இடைவெளியும் அங்கே வழங்குகின்றன. ஹோப்பி நாட்டுப் பெண் குயவர் நம்பேயோ, 1890-களில் சிக்யாத்கி என்ற பாழூரின் பழைய ஓடுகளைப் பார்த்துப் பார்த்துத் தம் கைவேலையைப் புதுப்பித்தார். ஸான் இல்டெஃபான்ஸோவின் மரியா மார்ட்டினெஸ், கணவர் ஜூலியனுடன் கருமைமேல் கருமையாகத் தீட்டும் முறையை உருவாக்கி உலகப் புகழ் பெற்றார். பியூப்ளோ பானைகளைப் பற்றி 1929-ல் நூல் எழுதிய ரூத் பன்ஸெல் அந்தப் பெண்களிடமே சென்று விசாரித்தபோது, சித்திரங்கள் கனவில் வருகின்றன என்று சொன்னவர்களும் உண்டு. இதைக் கேட்டுத் திருப்தியடையாத ரயில்வழி வியாபாரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? அம்பு என்றால் பாதுகாப்பு, இடிப்பறவை என்றால் எல்லையற்ற இன்பம் என்று அகராதி போன்ற சீட்டு ஒன்றை அச்சடித்து, விற்ற நகைகளோடும் சாமான்களோடும் கொடுத்தார்கள். வாங்கினவர்களுக்குச் சந்தோஷம், செய்தவர்கள் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லாமற் போயிற்று. பியூப்ளோ மக்களுள் பலர் தங்கள் சின்னங்களின் பொருளை அயலாருக்குச் சொல்ல மறுப்பதை நாகரிகக் குறைவென்று எண்ணுகிறவர்கள், நம் வீட்டுப் பூஜையறைக்குள் ஒரு சுற்றுலாப் பயணி குறிப்பேட்டோடு நுழைந்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

ஊட்டிக் கடைகளுக்கும் அந்தச் சீட்டு வந்துவிடும் என்பது என் அச்சம். தோடர் பூவேலைக்குப் புவிசார் குறியீடு 2013-ல் கிடைத்தது நல்லதே. ஆயினும் பழங்குடிக் கைவேலை எதுவாயினும் விற்பதற்கு ஒரு புராணம் வேண்டுமென்று நினைக்கிற வியாபாரம், வெறும் பானையின்மேலும் எருமை வரையச் சொல்லி, அதற்கு அர்த்தமும் கற்பிக்கத் தயங்காது. அதைத் தடுக்கச் சட்டம் தேவையில்லை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் ப்ரீக்ஸ் சேகரத்திலிருந்து சில மூடிகளையாவது ஊட்டி அரசு அருங்காட்சியகத்துக்கு நிரந்தரக் கடனாகத் தருவித்து, எந்தக் குன்றில், எந்த வருஷத்தில் கிடைத்தது என்பதை மட்டும் எழுதி வைக்கலாம். பக்கத்திலே ஒரு கோத்தர் சக்கரத்தையும் வைத்து, அதைச் சுற்றத் தெரிந்த பெண்ணுக்கு மாதச் சம்பளம் கொடுத்து, அவர் சொல்ல விரும்பியதைச் சொல்லவும் விரும்பாததைச் சொல்லாதிருக்கவும் விடலாம். ஆண்டுதோறும் மே மாதக் கோடை விழாவில் விருந்தினருக்கு அளிக்கும் பரிசுப் பொருள்களை எங்கிருந்தோ வரவழைப்பதைவிட, கோத்தர் ஊர்களில் முன்பணம் கொடுத்துச் சொல்லி வைத்து, மண் எடுக்க அவர்கள் குறிக்கும் காலம் வரையில் பொறுத்திருந்து, அவர்கள் கேட்கும் விலைக்கு வாங்குவது ஜில்லா நிர்வாகத்துக்கு ஒரு பெரிய செலவாகிவிடாது.